விதை எண் நூற்றெட்டு

அந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. அரியலூர் மாவட்டத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருமுறை கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தெரியாதவள் இரண்டாம் முறையாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் பெரம்பலூர்க்காரி. அங்கே ஒரு கல்லூரியில் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் தலைப்பைக் கேட்டாலே உறவுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அரசாங்க மானியத்தில் கட்டிய கழிப்பறைகளை எந்தெந்த வீடுகள் பயன்படுத்துகின்றன, எந்தெந்த வீடுகள் பயன்படுத்தவில்லை, ஏன் என்பதுதான் தலைப்பு. "இவ்ளோ படிச்சிட்டு கடைசியில கக்கூஸ எண்ணப் போறியா" என்று என் சித்தப்பா கேட்டார். ஆமாம், எண்ணத்தான் போனேன். எண்ணுவதோடு விடாமல் வரைபடத்திலும் குறித்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கைபேசியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பிடித்து, பிறகு கணினியில் ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஏற்றுவேன். பயன்படுத்தும் வீடு பச்சைப் புள்ளி. பயன்படுத்தாத வீடு சிவப்புப் புள்ளி.

கழிப்பறை இருந்தும் காட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கருத்துதான் இருக்கிறது. சோம்பேறிகள், சொன்னால் கேட்காத ஜனம். ஏசி அறையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. அந்தப் பக்கம் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புப் பாறை தட்டும். சிமெண்டுக்கு நல்லது, கழிப்பறைக் குழிக்கு ஆகாது. பாறை தட்டியதும் காண்ட்ராக்டரின் ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு, அண்டா அளவுக்கு இருந்த பள்ளத்திலேயே சிமெண்ட் உறையை இறக்கி மூடியிருக்கிறார்கள். நல்ல மழை ஒன்று பெய்தால் உள்ளே போனதெல்லாம் மேலே வந்துவிடும். பாறை மேலாக இருக்கும் இடத்திலும், குடிநீர்க் குழாய் தூரமாக இருக்கும் இடத்திலும்தான் சிவப்புப் புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றன என்று கணக்கில் காட்டிவிட்டால் சோம்பேறிப் பேச்சு அடங்கும். குழியை ஒழுங்காக வெட்டித் தரச் சொல்லி யாரிடமாவது போய் நிற்கலாம். என் ஆய்வின் நோக்கம் அவ்வளவுதான்.

ஆனால் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வேண்டும். கையில் அட்டையும் பேனாவுமாக வருகிற யாருக்கும் அந்தத் தெரு உண்மை சொன்னதில்லை. மானியம் வாங்கிய பிறகு பயன்படுத்தவில்லை என்று எந்த மடையன் ஒப்புக்கொள்வான்? முதல் இரண்டு நாள் போனபோது தெரு முழுக்கப் பச்சையாக வந்தது. மூன்றாம் நாள் தெருமுனையில் தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி என்னை நிறுத்தினாள். பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"நீதானா அந்த கக்கூஸ் மேடம்? ஊரே உன்னப் பாத்து சிரிக்குதுடி."

அவளிடம் பாறை விஷயத்தைச் சொன்னேன். புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். பிறகு என்னைத் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய் கழிப்பறையின் தகரக் கதவைத் திறந்தாள். உள்ளே கூரை வரைக்கும் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகள், அடுக்கியிருந்தது. பீங்கான் மேல் சாக்கை விரித்து ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல என் வூட்லேருந்து ஆரம்பி. மழ வந்தா எல்லாம் மேல வந்துடுது, நாத்தம் தாங்கல. நாலு மாசம் பாத்தோம், அப்புறம் வெறகு அடுக்கிட்டோம். எழுதிக்க. ஆனா இது யார் யார் வூடுன்னு வெளியில தெரியக் கூடாது. இங்க இருக்கறவங்க மானம் போயிடும்."

"தெரியாது. எந்த வீடுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நான் பொறுப்பு."

அந்த வாக்கை நம்பி அவள் தெரு முழுக்க என்னோடு நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது நம்ம புள்ளதாங்க. யார்கிட்டயும் போயி சொல்லாது. உள்ளதச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்ன பிறகு கதவுகள் திறந்தன. ஒரு கழிப்பறையில் உர மூட்டை, ஒன்றில் சைக்கிள், ஒன்றில் மாமனாரின் பழைய டிரங்குப் பெட்டி. பெண்கள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே காட்டினார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் மசியவில்லை. ஊரில் செல்வாக்கான ஒருவரின் வீடு அது. "நாங்க தெனம் யூஸ் பண்றோம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கழிப்பறைக்குள் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கத்தின. அவர் சொன்னதைத்தான் நான் எழுத வேண்டும். பச்சை வைத்தேன். என் தோழி தெருவுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இனி இன்னொரு தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் என்னோடு ஆய்வு செய்தவள். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நாங்கள் இருவரும் ஒரே மேசை, ஒரே சார்ஜர், மதியம் ஒரே டப்பா. வரைபடக் கோப்புகளை ஆரில் திறக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். என் நிரல் ஓடாமல் சிவப்பு எழுத்தில் திட்டும்போது, எந்த வரியில் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தத் தெருவுக்கும் இரண்டு முறை என்னோடு வந்தாள். பருத்திமார் வீட்டில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்ன வெங்காயக் குழம்பு. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதை நான் மறக்கவில்லை.

ஆய்வுத் தரவை மற்றவர்களிடம் கொடுக்கும்போது வீடுகளை மறைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் குத்துமதிப்பாக ஏதோ ஒரு பக்கம் கொஞ்ச தூரம் தள்ளி வைத்துவிடுவோம். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் கணினியே கண்ணை மூடிக்கொண்டு தீர்மானிக்கும். தெருவின் போக்கு மாறாது, ஆனால் வீடு மட்டும் அடையாளம் தெரியாது. நானும் அப்படித்தான் தள்ளினேன். சில வீடுகள் பருத்திக் காட்டில் போய் நின்றன. ஒரு வீடு ஏரிக்குள் விழுந்தது. "என்னம்மா, தண்ணிக்குள்ள குடியிருக்காங்களா?" என்று எங்கள் நெறியாளர் கேட்டார். பிறகு சொன்ன சொல்படி, சரியான இடங்கள் இருந்த முதல் கோப்பை என் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் அழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மேசைத் தோழி, "நீ ரொம்ப நல்லவடி" என்றாள்.

நான் செய்த முட்டாள்தனம் அந்த நிரலின் முதல் வரியில் இருந்தது. கணினி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற எண்கள் உண்மையில் அப்படி எடுப்பவை அல்ல. தொடக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு வரிசையை முளைக்க வைக்கும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே வரிசை பிசகாமல் வரும். அந்த முதல் எண்ணை விதை என்பார்கள். எங்கள் நெறியாளர் தினமும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் துறைக்கு வருவார். அவருடைய விதை நூற்றெட்டு. அவருடைய மாணவர்கள் எல்லாருக்கும் அதுவே விதை. யார் எந்த நிரல் எழுதினாலும், தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல முதல் வரியில் நூற்றெட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவோம். "நாளைக்கு யாரு ஓட்டிப் பாத்தாலும் அதே விடை வரணும்" என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஒளித்து வைக்கிற வேலைக்கு அதைப் போடக் கூடாது என்று எனக்கு உறைக்கவில்லை. கை தானாகப் போட்டது.

தள்ளி வைத்த கோப்பையும் நிரலையும் மேசைத் தோழிக்கு மெயிலில் அனுப்பினேன். வரைபடத்தின் நிறங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லத்தான். பார்த்துச் சொன்னாள். சிவப்பு கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம் என்றாள். அடுத்த சில வாரங்களில் அவள் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கிராமங்களில் கழிப்பறைப் பழக்கத்தை உண்டாக்குவது அந்த நிறுவனத்தின் வேலை. பிரிவுபசாரத்துக்கு நான்தான் கேக் வாங்கினேன்.

பிறகு ஒருநாள் காலை, நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பருத்திமார் வீட்டுக்காரி போன் செய்தாள்.

"என்னடி?"

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே. நேரா வந்து நிக்கிறாங்க."

விடிந்ததும் ஒரு வேனில் வந்திருக்கிறார்கள். ஒரே மாதிரி தொப்பி, கழுத்தில் விசில். காட்டுப்பக்கம் போன பெண்களுக்குப் பின்னாலேயே போய் விசில் ஊதியிருக்கிறார்கள். போட்டோ எடுத்திருக்கிறார்கள். பிறகு தெருவுக்குள் வந்து சில கதவுகளில் மட்டும் 'பயன்பாட்டில் இல்லை' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரர்களை வாசலில் நிறுத்தி, இனி ஒழுங்காக இருப்போம் என்று கைநீட்டி உறுதிமொழி சொல்ல வைத்திருக்கிறார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையில் தாள் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார்களாம்.

"நம்மகிட்ட உண்மைய சொன்ன வூடு ஒண்ணு விடாம ஒட்டியிருக்காங்க. ஆட்டுக்குட்டி கட்டுன வூட்ல பச்சை ஸ்டிக்கரு. பாராட்டி கை வேற தட்டிட்டுப் போறாங்க. என் முதுகுப்பக்கம் போட்டோ எடுத்து ஊரு வாட்சப்புல வந்துடுச்சு. பொடவய வச்சே எல்லாரும் கண்டுபுடிச்சிட்டாங்க."

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதாவது உளறியிருப்பேன். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான்தானடி ஒவ்வொரு வூட்லயும் போயி சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் கல்லூரிக்குப் போகவில்லை. கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். தள்ளி வைத்த புள்ளிகளை வைத்துக்கொண்டு போனால் பருத்திக் காட்டிலும் ஏரியிலும்தான் ஸ்டிக்கர் ஒட்ட முடியும். சரியான கோப்போ உலகத்திலேயே இல்லை. பின் எப்படி? நிரலை மேலிருந்து கீழே படித்தேன். முதல் வரி நூற்றெட்டு. கீழே, ஒவ்வொரு புள்ளியோடும் அந்த எண்களைக் கூட்டுகிற வரி. அந்தக் கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறியைப் போட்டு ஓட்டினேன். ஒரு நொடி ஆகவில்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏரியில் கிடந்த வீடு கரையேறியது. காட்டில் நின்றவை எல்லாம் தெருவுக்குத் திரும்பி வந்து அவரவர் கூரை மேல் உட்கார்ந்தன. பருத்திமார் வீடு கிழக்கே மூன்றாவது. சரியாக அதே ஓட்டுக்கூரையில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஒரே ஒரு குறி. என்னைத் தவிர அந்த நிரலைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நெறியாளருக்கு வாட்சப்பில் படம் அனுப்பவே மாணவர்கள் உதவ வேண்டும். மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

மறுநாள் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். வேலை விஷயமாகத் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் மழுப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ஆமாம், நான்தான். கூட்டலக் கழித்தலா மாத்தினேன். நீதான சாவிய கதவுலயே தொங்க விட்டிருந்த?"

"நம்பி அனுப்பினேன்டி உனக்கு."

"இப்ப என்ன ஆகிப்போச்சு? அவங்க நல்லதுக்குத்தான. காட்டுக்குப் போறப்ப பாம்பு கடிச்சா பரவாயில்லையா? உன் ஆய்வறிக்கை அலமாரியில தூங்கும். நாங்க ஒரே நாள்ல தெருவையே மாத்தியிருக்கோம்."

"பாறை? பாறையப் பத்தி எழுதியிருந்தேனே, அது உங்க தாள்ல எங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது எங்க ஸ்கோப்ல வராதுப்பா" என்றாள்.

"அவ வீட்ல ரெண்டு தடவ குழம்பு வாங்கிச் சாப்ட்டியே."

முதல் முறையாக அவள் முகம் மாறியது. ஆனால் திருச்சி பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியை எடுத்துக்கொண்டாள். நம்பிக்கைத் துரோகம் என்ற சொல் பெரிய பெரிய விஷயங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அது ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, நிறங்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டும் வரும்.

நெறியாளரிடம் போய் முறையிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு மெல்ல, "ஆனா பாத்தியாம்மா, நூத்தெட்ட போட்டதும் எல்லாம் துல்லியமா திரும்பி வந்திருக்கு" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அவரைத் திட்டி என்ன பயன்? அந்த எண்ணைப் போட்டது என் கை.

அன்றே அந்தத் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று நாளைக் கடத்தினேன். இரண்டு முறை போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். அவளைக் காட்டிக்கொடுத்தது மேசைத் தோழி. தனியாக விட்டது நான்.

என் ஆய்வுக்கு இரண்டு சுற்றுத் தரவு வேண்டும். அடுத்த பருத்தி எடுத்து முடித்த காலத்தில் இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டியிருந்தது. இம்முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நிரலில் விதை கிடையாது. கோப்புக்குக் கடவுச்சொல். வீட்டு வாசலில் நிற்காமல் தெருமுனையில் நின்று இடத்தைப் பதிந்தேன். யாராலும், என்னாலும்கூட, ஒரு வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சுற்றின் வரைபடம் முழுக்கப் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. பாறைக்கும் பழக்கத்துக்கும் இருந்த தொடர்பைக் கணக்கிடச் சொன்னால் கணினி ஒன்றுமில்லை என்றது. சிவப்பே இல்லாதபோது அது வேறென்ன சொல்லும்? குழிகளை ஆழமாக வெட்டித் தரச் சொல்லி இனி யாரிடமும் போய் நிற்க முடியாது. எல்லாரும்தான் பயன்படுத்துகிறார்களே. தொண்டு நிறுவனம் என் முதல் படத்தையும், துறைக் கருத்தரங்கில் நான் காட்டிய இரண்டாம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் சாதனையாகக் காட்டிக்கொண்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பச்சைகளில் முதல் பச்சை எப்படி விழுந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

போன முறை சொன்னபடி அவள் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். வாசலில் உட்கார்ந்து மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "கேள்வியக் கேளு" என்றாள்.

"அவ அப்படிப் பண்ணுவான்னு எனக்குத் தெரியாதுடி."

"கேள்வியக் கேளு."

அட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவள்போல, தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தேன். வீட்டில் உள்ளவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்களா?

"தெனமும் போறோம். எல்லாரும் போறோம்."

அவள் தோளுக்குப் பின்னால் அந்தத் தகரக் கதவு தெரிந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டியெடுத்த தடம் இன்னும் அதில் இருந்தது. கதவு சாத்த முடியாமல் சாய்ந்திருக்க, இந்த வருஷத்துப் பருத்திமார் இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்."

முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி மிளகாய் கிள்ள ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். போன முறை அடுத்த வீட்டுக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அவள்தான். இன்னொரு முறை எழுந்து வருவாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் நின்றேன்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"என்ன நிக்கற? அடுத்த வூட்டுக்கு வழி தெரியாதா? உங்கிட்டதான் மேப்பு இருக்கே."